இயந்திரப் பொறியியலிலிருந்து வன்பொருளுக்கும் மென்பொருளுக்கும்: பணிமனையில் தொடங்கும் முழுமையான வழிகாட்டி

2020 ஏப்ரல் 1 அன்று பி.எஸ்.-6 மாசுக் கட்டுப்பாட்டு விதி நடைமுறைக்கு வந்தபோது, நம் நாட்டின் பெரும்பாலான புதிய இரு சக்கர வாகனங்களிலிருந்து கார்புரேட்டர் விடைபெற்றது. காற்றும் பெட்ரோலும் எந்த விகிதத்தில் கலக்க வேண்டும் என்பதை அதுவரை ஜெட்டின் துளையும் மெக்கானிக்கின் ஸ்க்ரூ டிரைவரும் தீர்மானித்து வந்தன. இன்று த்ராட்டில் எவ்வளவு திறந்திருக்கிறது, எஞ்சின் எவ்வளவு சூடாக இருக்கிறது, கிராங்க் ஷாஃப்ட் எந்தக் கோணத்தில் நிற்கிறது, வெளியேறும் புகையில் ஆக்சிஜன் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று சென்சார்கள் சொல்வதைக் கேட்டு, உள்ளங்கையில் அடங்கும் ஒரு கட்டுப்பாட்டுப் பெட்டி, இன்ஜெக்டர் எத்தனை மில்லிவினாடி திறந்திருக்க வேண்டும் என்று கணக்கிடுகிறது. குளிர்ந்த எஞ்சினுக்குப் பெட்ரோல் கூடுதலாக வேண்டும் என்ற அறிவு முன்பு பித்தளையில் இருந்தது. இப்போது சி மொழியில் இருக்கிறது.

மெக்கானிக்கல் படித்துவிட்டுத் துறை மாற நினைப்பவர்கள் இந்த எடுத்துக்காட்டை மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும் என்று விரும்புகிறேன். படித்ததைக் கழற்றி வைத்துவிட்டு முதலாம் ஆண்டு மாணவரைப் போலத் தொடங்க வேண்டிய அவசியம் இல்லை. உங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஓர் இயந்திரத்தை எடுத்துக்கொண்டு, அதற்குச் சென்சார் பொருத்தி, அது தரும் எண்களைப் படித்து, கணக்கிட்டு, பயனுள்ள ஒரு விடையைக் காட்டுகிற கருவியைச் சொந்தக் கையால் செய்து முடிப்பவருக்கு, பத்துச் சான்றிதழ் வைத்திருப்பவரைவிட விரைவாகக் கதவு திறக்கிறது. கோவையில் ஒரு பம்ப் தொழிற்சாலையின் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் நான்கு ஆண்டுகள் பணியாற்றிவிட்டு இயந்திரத்துக்குள் இருந்து அதை இயக்கும் எம்பெடட் மென்பொருளுக்கு வந்தவன் என்ற முறையில், நான் நடந்த வழியையும் பின்னால் வந்தவர்களை அழைத்துச் சென்ற வழியையும் கொண்டே இதை எழுதுகிறேன்.

முதல் படி: எந்தக் கதவு என்று முடிவு செய்தல்

'கோடிங் கற்றுக்கொள்ளப் போகிறேன்' என்று தொடங்குபவர்களில் பலர் மூன்றாம் மாதத்தில் நின்றுவிடுவதற்குக் காரணம், எந்த வேலைக்காகக் கற்கிறோம் என்பதை அவர்கள் தீர்மானிக்காததுதான். நமக்குத் திறந்திருக்கும் கதவுகள் ஒன்றுக்கொன்று மிகவும் வேறுபட்டவை.

மிகக் குறைவாகப் புதிதாகக் கற்றால் போதும் என்ற கதவு, மின்னணுப் பொருள்களின் இயந்திர வடிவமைப்பு. மின்சார ஸ்கூட்டரின் மோட்டார் கட்டுப்பாட்டுப் பெட்டிக்கு உறை வடிவமைப்பதும், அதன் உள்ளே பிறக்கும் வெப்பத்தை வெளியேற்றுவதும், மழைநீர் புகாமல் ஐ.பி.67 தரத்துக்கு, அதாவது ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் 30 நிமிடம் மூழ்கியும் உள்ளே நீர் நுழையாதவாறு, அடைப்பதும் இதில் வரும். 45 டிகிரி சென்னை வெயிலில் 3 வாட் வெப்பம் உமிழும் ஒரு டிரான்சிஸ்டருக்குச் சுற்றுப்புறம் வரையிலான வெப்பத் தடை வாட்டுக்கு 20 டிகிரி என்றால், அதன் உட்பகுதி 105 டிகிரியைத் தொடும். இது நாம் மூன்றாம் ஆண்டில் போட்ட வெப்பக் கடத்தல் கணக்குத்தான்.

மிக விரைவாகத் திறக்கும் கதவு, பி.எல்.சி. எனப்படும், ஆலை இயந்திரங்களை நிரல்படி இயக்கும் கட்டுப்பாட்டுக் கருவி சார்ந்த தானியங்கித் துறை. 1960களின் இறுதியில் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் ரிலே பலகைகளுக்கு மாற்றாகப் பிறந்த இக்கருவியை இன்று நம் ஊர் பாட்டில் நிரப்பும் ஆலை முதல் கார் வெல்டிங் வரிசை வரை எங்கும் காணலாம். சிலிண்டர், வால்வு, கன்வேயர் ஆகியவற்றின் இயக்கம் தெரிந்தவருக்கு அதற்கு நிரல் எழுதும் முறையான லேடர் வரைபடம் ஆறு மாதத்தில் கைவசமாகும். ஆனால் ஊர் ஊராகச் சென்று இயந்திரத்தை ஓட்டிக் காட்டும் வேலை இது என்பதைத் தெரிந்துகொண்டே இறங்க வேண்டும்.

மூன்றாவது, இந்த வழிகாட்டியின் பெரும்பகுதி பேசப்போவது, எம்பெடட் மென்பொருள். வாகனத்தின் பிரேக், மோட்டார், பேட்டரி, ஆலையின் பம்ப், மருத்துவமனையின் வென்டிலேட்டர் என அசையும் எதற்குள்ளும் இருந்து அதை இயக்கும் நிரல் இது. ஓசூர், கிருஷ்ணகிரி வட்டாரத்தில் மின்சார இரு சக்கர வாகன ஆலைகளும், கோவையிலும் சென்னையிலும் வாகன மென்பொருள் மையங்களும் இருப்பதால் தமிழ்நாட்டை விட்டுப் போகாமலேயே இத்துறையில் வேலை தேட முடியும். பணிமனை அனுபவம் இரண்டு ஆண்டுக்கு மேல் உள்ளவருக்கு இதுவே மிகப் பொருத்தமானது என்பது என் உறுதியான கருத்து. முழு மென்பொருள் வேலை என்ற நான்காவது கதவைப் பற்றிப் பின்னர் தனியாகச் சொல்கிறேன்.

இரண்டாம் படி: மின்சாரத்தோடு பழகுதல்

மின்னணுவியல் நமக்கு அந்நியமாகத் தோன்றுவதற்கு, மின்சாரம் கண்ணுக்குத் தெரியாது என்பதைத் தவிர வேறு பெரிய காரணம் இல்லை. எடை, ஸ்பிரிங், டேம்பர் ஆகிய மூன்றும் சேர்ந்த அமைப்புக்கு நாம் எழுதும் சமன்பாடும், இண்டக்டர், கெபாசிட்டர், ரெசிஸ்டர் சேர்ந்த சுற்றுக்கு அவர்கள் எழுதும் சமன்பாடும் ஒன்றே. எடையின் இடத்தில் இண்டக்டரும், டேம்பரின் இடத்தில் ரெசிஸ்டரும் நிற்கின்றன. ஸ்பிரிங் எவ்வளவு இளகியதோ அவ்வளவு பெரியது கெபாசிட்டர். இதை ஒரு மாலை முழுக்கத் தாளில் எழுதிப் பார்த்தால் பாதி பயம் போய்விடும்.

ஆறு வாரங்களுக்கு ஓம் விதி, மின்னழுத்தப் பிரிப்பு, புல்-அப் ரெசிஸ்டர், டயோடு, டிரான்சிஸ்டரை ஸ்விட்சாகப் பயன்படுத்துவது ஆகியவற்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். சென்னையில் இருப்பவர்கள் ஒரு சனிக்கிழமை ரிச்சி தெருவுக்குச் சென்று ஒரு மல்டிமீட்டர், பிரெட்போர்டு, ஜம்பர் வயர், சால்டரிங் அயர்ன், நிரல் ஏற்றி இயக்கும் ஆர்டினோ ஊனோ ஆர்3 பலகை ஆகியவற்றை வாங்கிவிடலாம். மல்டிமீட்டரில் மட்டும் சிக்கனம் பார்க்க வேண்டாம். தவறாக அளக்கும் வெர்னியரை வைத்துக்கொண்டு தரம் பார்ப்பதற்கு ஒப்பானது அது.

நான் முதலில் செய்த கருவி, ஒரு பவர் பிரஸ் எத்தனை முறை அடித்தது என்று எண்ணும் கவுண்டர். பிரஸ்ஸின் ராமில் ஒரு லிமிட் ஸ்விட்சைப் பொருத்தி, அது மூடும்போதெல்லாம் ஒன்று கூட்டுமாறு நிரல் எழுதினேன். ஷிஃப்ட் முடிவில் கூடையில் இருந்த துண்டுகளைவிடப் பல மடங்கு எண்ணிக்கை திரையில் நின்றது. நிரலை மூன்று நாள் மாற்றி மாற்றி எழுதியும் பயனில்லை. பிழை நிரலில் இல்லை. ஸ்விட்சின் உள்ளே இருந்த பித்தளைத் தகட்டில் இருந்தது. அந்தத் தகடு மற்றொரு தகட்டின் மேல் விழும்போது ஒருமுறை மோதி நின்றுவிடுவதில்லை. தரையில் விழுந்த பந்தைப் போலச் சில மில்லிவினாடிகள் துள்ளுகிறது. பலகையில் நிரலை ஓட்டும் சில்லான மைக்ரோகன்ட்ரோலர் ஒவ்வொரு துள்ளலையும் ஓர் அடியாக எண்ணியது. முதல் தொடர்புக்குப் பிறகு 20 மில்லிவினாடி வரை வருவதைப் பொருட்படுத்தாதே என்று ஒரு வரி சேர்த்ததும் கணக்கு நேரானது. மோதலும் மீள்திறனும் படித்த நான் இதை முதல் நாளே ஊகித்திருக்க வேண்டும். மின்சாரம் வேறு உலகம் என்று நினைத்ததால் ஊகிக்கவில்லை.

மூன்றாம் படி: சி மொழி, அதுவும் ஆழமாக

பைத்தான் எளிது, அதிலிருந்து தொடங்கலாம் என்று பலர் சொல்வார்கள். எம்பெடட் வேலைதான் இலக்கு என்றால் சி மொழியிலிருந்து தொடங்குவதே நல்லது. பாயின்டர், பிட் அளவிலான செயல்பாடுகள், ஸ்ட்ரக்சர், மாறிகளின் அளவு ஆகிய நான்கையும் தூக்கத்தில் கேட்டாலும் சொல்லுமளவு தேர்ச்சி பெற வேண்டும்.

மாறியின் அளவு ஏன் முக்கியம் என்பதற்கு ஒரு கணக்கு. நிமிடத்துக்கு 1440 சுற்று சுழலும் மோட்டாரில், ஒரு சுற்றுக்கு 60 துடிப்புகள் தரும் என்கோடர் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நிமிடத்துக்கு எத்தனை துடிப்பு என்பதற்கு 1440-ஐ 60-ஆல் பெருக்கினால் 86,400 வரும். ஊனோ பலகையில் சாதாரண முழு எண் மாறி 16 பிட் மட்டுமே கொண்டது. அதில் அடங்கும் பெரிய எண் 32,767. எனவே அந்தப் பலகை எந்த எச்சரிக்கையும் தராமல் 20,864 என்று காட்டும், ஏனெனில் 65,536-க்கு மேல் மிஞ்சியது அவ்வளவுதான். திரையில் தெரியும் எண் நம்பத்தகுந்ததாகவே இருக்கும், ஆனால் முற்றிலும் தவறானது. நிரல் மட்டும் தெரிந்தவர் இதைக் கவனிக்காமல் போகலாம். அந்த மோட்டார் அந்த வேகத்தில் ஓடாது என்று பார்த்தவுடன் தெரிந்துகொள்பவர் மெக்கானிக்கல்காரர்.

ஆர்டினோவில் இரண்டு மாதங்களுக்கு மேல் தங்க வேண்டாம். அது தொடங்குவதற்கு மிக நல்ல இடம். ஆனால் அதன் ஆயத்த நூலகங்கள் எல்லாவற்றையும் மறைத்துவிடுகின்றன. அடுத்து எஸ்.டி.எம்.32 வகைப் பலகை ஒன்றை வாங்கி, அதன் சில்லின் விவரக் கையேடான டேட்டாஷீட்டைப் பக்கத்தில் விரித்துவைத்து, சில்லின் உள்ளே அதன் செயலைத் தீர்மானிக்கும் சிறு நினைவிடங்களான ரெஜிஸ்டர்களில் நேரடியாக எழுதி ஒரு எல்.இ.டி.யை மினுக்கிப் பாருங்கள். இந்த ஒரு சிறு செயல் ஒரு வாரத்தைத் தின்னும். அந்த வாரத்துக்குப் பிறகு டைமர், ஓடும் வேலையை இடைநிறுத்தி அவசர நிகழ்வைக் கவனிக்கும் இன்டரப்ட், மின்னழுத்தத்தை எண்ணாக மாற்றும் ஏ.டி.சி., மின்சாரத்தை வேகமாகப் போட்டு அணைத்து அளவைக் கட்டுப்படுத்தும் பி.டபிள்யூ.எம். ஆகியவையும், யூ.ஏ.ஆர்.டி., ஐ-ஸ்கொயர்-சி, எஸ்.பி.ஐ. ஆகிய தொடர்பு முறைகளும் ஒன்றன்பின் ஒன்றாகத் தாமே வழிவிடும். வகுப்பு வேண்டும் என்பவர்களுக்கு ஐ.ஐ.டி.களும் இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து நடத்தும் என்.பி.டி.இ.எல். பாடங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. தேர்வு எழுதிச் சான்றிதழ் பெற விரும்பினால் மட்டுமே கட்டணம்.

நான்காம் படி: ஒரே ஒரு முழுக் கருவி

இந்தப் படியில்தான் உங்கள் நேரத்தில் பாதியைச் செலவிட வேண்டும். எல்லோரும் செய்யும் தானியங்கி விளக்கும் செடிக்குத் தண்ணீர் ஊற்றும் கருவியும் நமக்கு வேண்டாம். அவற்றை மற்றவர்களும் செய்திருப்பார்கள். பேரிங் பழுதைக் கண்டறியும் கருவியை நான் பரிந்துரைக்கிறேன், ஏனெனில் அதில் இயந்திரம், மின்னணுவியல், நிரல், கணிதம் ஆகிய நான்கும் ஒரே இடத்தில் சந்திக்கின்றன.

6205 என்ற எண்ணுள்ள பேரிங்கை நம்மில் பலர் கையால் அழுத்திப் பொருத்தியிருப்போம். உள்விட்டம் 25 மி.மீ., வெளிவிட்டம் 52 மி.மீ., பொதுவாக உள்ளே ஒன்பது குண்டுகள். வெளிவளையத்தில் ஒரு சிறு குழி விழுந்துவிட்டால், ஒவ்வொரு குண்டும் அதன் மேல் ஏறி இறங்கும்போது ஒரு சிறு தட்டல் பிறக்கும். பேரிங்கின் அளவுகளைக் கொண்டு கணக்கிட்டால், ஷாஃப்ட் ஒருமுறை சுற்றும்போது சுமார் 3.585 தட்டல்கள் வரும் என்று தெரியும்; குழி உள்வளையத்தில் இருந்தால் அது சுமார் 5.415. 1440 சுற்று மோட்டாரில் ஷாஃப்ட் வினாடிக்கு 24 முறை சுற்றுகிறது. ஆகவே வெளிவளையப் பழுது ஏறக்குறைய 86 ஹெர்ட்ஸிலும், உள்வளையப் பழுது ஏறக்குறைய 130 ஹெர்ட்ஸிலும் தன்னைக் காட்டிக்கொள்ளும். குண்டுகள் சற்றே வழுக்குவதால் உண்மையான எண் இதிலிருந்து ஓரிரு சதவீதம் விலகும்.

எம்.பி.யு.6050 என்ற மலிவான முடுக்கமானிச் சென்சாரை பேரிங் கூட்டின் மேல் பொருத்தி, வினாடிக்கு 1000 முறை அளவெடுங்கள். எப்படிப் பொருத்துகிறீர்கள் என்பது இங்கே மிக முக்கியம். இரட்டைப் பக்க ஒட்டு நாடாவில் ஒட்டினால், அந்த நாடா ஒரு ஸ்பிரிங்காகவும் டேம்பராகவும் மாறி அதிர்வின் கூர்மையை விழுங்கிவிடும். ஸ்க்ரூ போட்டு இறுக்கினால் தெளிவாக வரும். இரண்டு முறையிலும் அளந்து, இரண்டு வரைபடங்களையும் அருகருகே வைத்துப் பாருங்கள். பின்னாளில் நேர்காணலில் இந்த இரண்டு படங்களையும் எடுத்துக் காட்டியபோது, எதிரே இருந்தவர் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டு உட்கார்ந்தது இன்றும் எனக்கு நினைவிருக்கிறது.

1024 அளவுகளைச் சேர்த்து, அவற்றை அதிர்வெண்களாகப் பிரிக்கும் எஃப்.எஃப்.டி. கணக்கைச் செய்ய வேண்டும். இங்கே ஊனோ உங்களைக் கைவிடும். ஓர் அளவுக்கு இரண்டு பைட் என்றால் 1024 அளவுகளுக்கு 2048 பைட் தேவை. ஊனோவின் மொத்த ரேம் நினைவகமே 2048 பைட்தான். மற்ற மாறிகளுக்கு இடமே இராது. இந்தச் சுவரில் முட்டி நின்ற பிறகு ஈ.எஸ்.பி.32 பலகைக்கு மாறுங்கள். ஏன் மாறினோம் என்பதை எண்களோடு சொல்லத் தெரிந்தவரே பொறியாளர். ஒன்று கவனம்: ஊனோ 5 வோல்ட்டில் இயங்குகிறது, ஈ.எஸ்.பி.32 பலகையின் பின்கள் 3.3 வோல்ட் மட்டுமே தாங்கும். பழைய இணைப்புகளை அப்படியே மாற்றிச் செருகினால் பலகை போய்விடும்.

பராமரிப்புப் பிரிவின் ஸ்கிராப் பெட்டியிலிருந்து தேய்ந்த பேரிங் ஒன்றைக் கேட்டு வாங்கி, நல்லதையும் கெட்டதையும் மாற்றி மாற்றிப் பொருத்தி அளவெடுங்கள். 86 ஹெர்ட்ஸில் ஒரு கோடு எழுந்து நிற்பதை முதன்முறை பார்க்கும் இரவு உங்களுக்குத் தூக்கம் வராது. கருவியின் எல்லையையும் நேர்மையாக எழுதிவையுங்கள்: பழுதின் தொடக்க நிலை சில ஆயிரம் ஹெர்ட்ஸ் அளவிலேயே முதலில் தெரியும் என்பதால் இந்தச் சென்சார் அதைப் பிடிக்காது, முற்றிய பழுதையே காட்டும்.

வேலை நடக்கும்போதே ஒவ்வொரு மாற்றத்தையும், நிரலின் பழைய பதிப்புகளையும் காத்துவைக்கும் கிட் மென்பொருளில் பதிந்து வாருங்கள். கீ-கேட் என்ற இலவச மென்பொருளில் சுற்று வரைபடத்தை வரைந்து ஒரு சிறு பலகையையும் அச்சிட்டு வாங்கிவிட்டால், உங்கள் கருவி மேசைப் பொம்மை என்ற நிலையைக் கடந்துவிடும்.

ஐந்தாம் படி: துறையின் பேச்சு வழக்கு

வாகனத் துறைக்குச் செல்பவர்கள், பாஷ் நிறுவனம் 1986-இல் அறிமுகப்படுத்திய, வண்டியின் கட்டுப்பாட்டுப் பெட்டிகள் ஒன்றோடொன்று பேச உதவும் கேன் இணைப்பைக் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும். முறுக்கிய இரண்டு கம்பிகளின் இரு முனைகளிலும் 120 ஓம் ரெசிஸ்டர் இருக்கும். வண்டியின் மின்சாரத்தை அணைத்துவிட்டு அக்கம்பிகளுக்கு இடையே அளந்தால் 60 ஓம் வர வேண்டும். 120 வந்தால் ஒரு முனை விட்டுப்போயிருக்கிறது என்று பொருள். இத்தகைய சிறு செய்திகள்தாம் மேசையில் கைவைத்து வேலை செய்தவரை அடையாளம் காட்டும். இவற்றோடு ஃப்ரீ-ஆர்.டி.ஓ.எஸ். போன்ற நிகழ்நேர இயங்குதளம் ஒன்றும், சி மொழியைப் பாதுகாப்பாக எழுதுவதற்கான மிஸ்ரா விதிகளும், வாகனப் பாதுகாப்புக்கான ஐ.எஸ்.ஓ. 26262 தரம் எதற்காக வந்தது என்ற புரிதலும் போதும்.

முழு மென்பொருள் வேலையை விரும்புபவர்களுக்கு

திரைக்கு முன் மட்டுமே இருக்கும் வேலைதான் வேண்டும் என்றால், அங்கும் உங்கள் படிப்பைக் கைவிடாத வழி ஒன்று உண்டு. கணினியில் வடிவமைக்க உதவும் கேட் (CAD) மென்பொருள்களையும் பகுப்பாய்வு மென்பொருள்களையும் உருவாக்கும் நிறுவனங்களுக்கு, மெஷ் என்றால் என்ன, தகைவு எங்கே குவியும் என்பது தெரிந்த நிரலாளர் தேவைப்படுகிறார். அபாகஸ் என்ற பகுப்பாய்வு மென்பொருளைப் பைத்தான் வழியே இயக்கலாம். பாய்ம ஓட்டத்தைக் கணக்கிடும் ஓபன்-ஃபோம் முழுக்க சி++ மொழியில் எழுதப்பட்டு, மூல நிரலோடு இலவசமாகக் கிடைக்கிறது. உங்கள் அலுவலகத்தில் தினமும் இரண்டு மணி நேரம் கையால் செய்யும் ஓர் அறிக்கையைப் பைத்தானில் இரண்டு நிமிட வேலையாக மாற்றிக் காட்டுவதே சரியான தொடக்கம். இவ்வழியில் வருபவர்கள் தரவுக் கட்டமைப்புகளையும் அல்காரிதங்களையும் மற்ற மாணவர்களுக்கு இணையாகப் படிக்க வேண்டும். அதில் குறுக்கு வழி கிடையாது.

ஆறாம் படி: வேலையைத் தேடுதல்

முதலில் நீங்கள் இருக்கும் நிறுவனத்துக்குள்ளேயே தேடுங்கள். பெரும்பாலான ஆலைகளில் சோதனைக் கூடம், தானியங்கிப் பிரிவு, தரவு சேகரிக்கும் குழு என ஏதாவது ஒன்று ஆளில்லாமல் தவித்துக்கொண்டிருக்கும். நான் மாறியதும் அப்படித்தான்: பம்ப் சோதனை மேடையில் அழுத்தத்தையும் ஓட்டத்தையும் தாளில் எழுதிக்கொண்டிருந்ததைக் கணினியில் தானாகப் பதியவைத்த பிறகு, என்னை அந்தக் கூடத்துக்கே மாற்றிக்கொண்டார்கள். அங்கே ஓராண்டு இருந்துவிட்டு வெளியே விண்ணப்பித்தபோது, என் விண்ணப்பத்தில் 'தரக் கட்டுப்பாடு' என்ற சொல்லுக்கு மேலே 'சோதனைக் கருவி உருவாக்கம்' என்ற சொல் வந்துவிட்டது.

விண்ணப்பத்தில் கற்ற மொழிகளின் பட்டியலைச் சுருக்கி, செய்த கருவியைப் பற்றி ஐந்து வரி எழுதுங்கள்: எந்த இயந்திரம், எந்தச் சென்சார், எத்தனை முறை அளவெடுத்தது, எது தவறியது, எப்படிச் சரிசெய்தீர்கள். நேர்காணலில் சி மொழியின் வாலட்டைல் என்ற சொல் எதற்கு, இன்டரப்டுக்குள் எதைச் செய்யக்கூடாது, ஸ்விட்ச் துள்ளலை எப்படித் தடுப்பது என்று நிச்சயம் கேட்பார்கள். கட்டுப்பாட்டுத் துறை என்றால், வேண்டிய அளவுக்கும் இருக்கும் அளவுக்கும் உள்ள பிழையைப் பார்த்துத் திருத்தும் பி.ஐ.டி. முறை பற்றி வரும். அங்கே சூத்திரத்தை ஒப்பிக்காமல், வால்வு முழுதும் திறந்துவிட்ட பிறகும் பிழையைக் கூட்டிக்கொண்டே போகும் இன்டக்ரல் பகுதி தொட்டியை எப்படி வழியச் செய்யும், அதை எங்கே நிறுத்திவைக்க வேண்டும் என்று படம் போட்டு விளக்குங்கள். தொட்டியையும் வால்வையும் நேரில் பார்த்தவர் நீங்கள்.

சம்பளத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஐந்து ஆண்டு அனுபவம் உள்ளவரைக்கூடப் புதிய துறையில் ஒன்றிரண்டு ஆண்டு அனுபவக்காரராகவே மதிப்பிடும் நிறுவனங்கள் உண்டு. அதே சம்பளமோ சற்றுக் குறைவோ வந்தால் வேலையின் தன்மையைப் பார்த்து முடிவெடுங்கள். ஆனால் முழுப் புதியவருக்கான தொகைக்கு இறங்கி ஒப்புக்கொள்ள வேண்டாம். முன்பணம் வாங்கிக்கொண்டு வேலையை உறுதி செய்வதாகச் சொல்லும் பயிற்சி நிலையங்களை அண்டவே வேண்டாம். கடன் வாங்கி அந்தப் பணத்தைக் கட்டிவிட்டுத் திரும்பிவந்த இளைஞர்களைப் பார்த்திருக்கிறேன், அவர்களுடைய வேதனை எனக்குத் தெரியும். கையெழுத்திடும் முன் பழைய வேலையின் நோட்டீஸ் காலத்தையும், புதிய வேலையில் பாண்ட் இருக்கிறதா என்பதையும் படித்துப் பாருங்கள்.

ஷிஃப்ட் வேலைக்கு இடையே நாளுக்கு ஒன்றரை மணி நேரமும், ஞாயிறு அரை நாளும் ஒதுக்க முடிந்தால், இந்த ஆறு படிகளையும் கடக்க ஓராண்டு முதல் ஒன்றரை ஆண்டு வரை ஆகும். வீட்டில் இருப்பவர்களிடம் இந்தக் கால அளவை முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

புதிய இடத்தில் சேர்ந்த முதல் வாரத்தில், நீங்கள் நிரல் எழுதப்போகும் பலகையின் சுற்று வரைபடத்தைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பின்னும் எந்த மோட்டாருக்கு, எந்த வால்வுக்கு, எந்தச் சென்சாருக்குச் செல்கிறது என்று பென்சிலால் தொடர்ந்து சென்று குறித்துவையுங்கள். அதன் பிறகு சோதனைக் கூடத்துக்குச் சென்று, அந்த இயந்திரம் ஓடும்போது அருகில் நின்று ஒரு மணி நேரம் அதன் சத்தத்தைக் கேளுங்கள்.